கட்டம் கட்டமாக வந்த மனைவி

என் மனைவிக்குக் காது கேட்காது. பேச்சும் வராது. ஆனால் திட்டுவாள். கையால் திட்டுவாள், பேப்பரில் திட்டுவாள், போன் வந்த பிறகு போனில் திட்டினாள்.

அந்தத் திட்டுதான் எனக்கு வந்து சேரவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் நான் ஃபிட்டர். மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு மில்லே போன் கொடுத்தது. அதில் சிம் கிடையாது. நம்பர் போனின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது, வேறு போனுக்கு மாற்ற முடியாது. தகரக் கூரைக்கு அடியில் அந்த ஒரு போனுக்குத்தான் டவர் எடுக்கும். என் சொந்த போன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் செத்துவிடும். அவளுடைய போனில் தமிழ் இருந்தது. மில் போனிலும் இல்லை, என் சொந்த போனிலும் இல்லை. அவள் என்ன அனுப்பினாலும் எனக்குக் கட்டம் கட்டமாக வந்தது. வரிசையாகக் காலி டப்பாக்கள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு அதில் கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான்.

அவசரம் என்றால் மிஸ்டு கால் கொடு என்று சொல்லி வைத்தேன். எதற்கு அவசரம் என்று மிஸ்டு கால் சொல்லாதே. ஒரு நாள் மிஸ்டு கால் பார்த்து கவரைப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்குள் பாம்பு வந்து, போயும் விட்டிருந்தது. நான் வந்ததற்கும் சேர்த்துத் திட்டினாள்.

கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்த ஆளிடம் போனைக் கொடுத்தேன்.

"இதுல தமிழ் போட்டுக் குடுப்பா."

"போட முடியாதுண்ணா. உள்ள எழுதின புரோகிராமெல்லாம் கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான். அவனா மனசு வெச்சாத்தான்."

"உன் கம்ப்யூட்டர்ல மட்டும் தமிழ் வருது?"

"இது வேறண்ணா. இதுக்கு உள்ள எழுதினத ஊருக்கே தொறந்து வுட்டுட்டாங்க. யாரு வேணா கை வெக்கலாம். எவனோ ஒருத்தன் குந்திகினு தமிழ் போட்டான். இப்ப எல்லாருக்கும் இருக்குது."

"போன்ல அப்பிடி வராதா?"

"நம்ம கைக்கு இன்னும் வரலண்ணா."

"வராம இன்னா பண்ணிகினு இருக்கான்?"

அவன் டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

மில்லில் பேரிங் சேரவில்லை என்றால் கடைந்து சேர்ப்போம். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷினையே வெட்டி ஒட்டியிருக்கிறோம். உள்ளங்கையில் அடங்குகிற இதைத் தொட முடியவில்லை. போன் என்னிடம் இருந்தது, சாவி எவனிடமோ.

கேட் எதிரே டீக்கடை. கடைக்காரர் ஆந்திர எல்லையில் தடா பக்கம், எல்லோரையும் நைனா என்பார், அதனால் எங்களுக்கு அவர்தான் நைனா. அவர் போனில் தமிழ் வரும். ஒரு நாள் அவரே சொன்னார்: "நைனா, அந்த டப்பாவ எனக்குத் தள்ளி வுடு, பாக்கலாம்."

தள்ளினேன். அவர் போனில் முழுசாகத் தமிழ் வந்தது. எழுத்து எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. என் போன் காட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என் குடும்பத்தை டீக்கடை படித்தது. பஜ்ஜி போட்டுக்கொண்டே அவர் சத்தமாகப் படிப்பார்.

"நெத்திலி வாங்கினு வரச் சொல்லுது. போன வாட்டி வாங்கினது நாறிப்போச்சாம்."

லோடு லாரி டிரைவர்கள் தலையை ஆட்டுவார்கள். "அது மீஞ்சூர் மார்க்கெட்ல வாங்குபா" என்று ஒருவர் யோசனை சொல்வார். அவள் ஏன் கோபமாக இருக்கிறாள் என்பது எனக்கு முன்னால் லாரி எடை போடும் வெயிட் பிரிட்ஜ் ஆளுக்குத் தெரியும்.

அவளுக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவாள்.

அவளுக்கு மாசம் நிறைந்தது. பிரசவம் பொன்னேரி ஆஸ்பத்திரியிலா, மீஞ்சூரில் அவள் அம்மா வீட்டுப் பக்கமா என்று முடிவாகவில்லை. மாமியார் மீஞ்சூர் என்றார். நான் பொன்னேரி என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

ஒரு மத்தியானம் மிஸ்டு கால் வந்தது. பின்னாலேயே கட்டங்கள். நீளமாக.

திருப்பிக் கூப்பிட்டேன். மாமியார் எடுத்தார். எடுத்து, நான் வாயைத் திறக்கும் முன்னே சிவப்பு பட்டனை அமுக்கினார். எப்போதும் அப்படித்தான் பேசுவார். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அமுக்கினார்.

ரயில் ஏறிவிடலாம். எங்கே இறங்குவது? பதில் கையில் இருந்தது. வரிசையாக, காலி டப்பாக்களாக.

டீக்கடைக்குத் தள்ளிவிட்டு, பின்னாலேயே ஓடினேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வலி கண்டுகிச்சாம். அம்மாகூட மீஞ்சூர் போவுதாம். பொன்னேரில எறங்காதன்னுது. அப்பால..."

நிறுத்திவிட்டார்.

"அப்பால இன்னா?"

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுத்தமாக இருந்த தோசைக்கல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்த டிரைவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள்.

நானே படித்தேன். 'பயமா இருக்கு. உன் மொகரைய சீக்கிரம் கொண்டு வா.'

என் மனைவி எனக்கு எழுதியது. அடுத்தவன் போனில், பஜ்ஜி எண்ணெய்க் கறைக்கு நடுவில் படித்தேன்.

நைனா பைக்கில் ஸ்டேஷனுக்கு விட்டார். மீஞ்சூரில் இறங்கினேன். பெண் குழந்தை. அலறல் தெருவுக்குக் கேட்டது. மாமியார் அழுதார். மனைவி என் முகத்தைப் பார்த்து, தாமதம் என்று கையால் காட்டினாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு இருவரையும் மில்லுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம். திறந்து, துடைத்து, எண்ணெய் போட்ட மிஷினுக்குத்தான் பொட்டு. எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தேன்.

"போனுக்கு வெக்கலியா?" என்றார் ஃபோர்மேன்.

"அத எங்க தொறக்க வுட்டானுங்க? தொறக்காததுக்குப் பொட்டு கெடையாது."

என்ன பேச்சு என்று அவள் கையால் கேட்டாள். காட்டினேன். டீக்கடை விஷயத்தையும் அன்றுதான் காட்டினேன். அவள் என் பையிலிருந்து போனை எடுத்து, கட்டைவிரலைக் குங்குமத்தில் தோய்த்து, திரை மேல் அழுத்தினாள். கட்டங்கள் வருகிற இடத்தில். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை எடுத்து என்னவோ அடித்தாள்.

சிவப்புக்கு அடியில் டப்பாக்கள் வந்தன. பக்கத்திலேயே நிற்கிறாள், கேட்டால் சொல்ல மாட்டாள்.

டீக்கடைக்குப் போனேன். நைனா படித்து முடித்துவிட்டு, பெஞ்சு மொத்தத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எங்களுக்குத்தான் எழுதிக்குது. 'இத சத்தமாப் படிக்கிறவரே, அவருக்கு டீ கம்மியா குடுங்க. ஊட்டுக்கு வந்து தூக்கமில்லாம சுத்துறாரு.'"