சுலைகா அக்காவின் குதிரைகளைக் கேட்டவர்களுக்கு

எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்த நேரத்தில்தான் சுலைகா அக்கா தவறிவிட்ட செய்தி வந்தது. அவர் கடைக்குப் பக்கத்துத் தையல்கடைப் பெண் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "நெஞ்சு வலிக்குதுன்னாக. மதுரைக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிருச்சு." நம்முடைய 'லாயம்' குழுவில் அதை எழுதிப் போட்டேன். போனில் குதிரை வளர்த்து, இனம் பெருக்கி, போட்டிக்கு அனுப்பும் விளையாட்டுக்காக நாம் வைத்திருக்கிற குழுதான் என்றாலும், அவருக்கு அது இன்னொரு வீடாக இருந்தது. பஸ் அருப்புக்கோட்டைக்குள் நுழைவதற்குள் முதல் பதில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல். வெள்ளச்சி இனி யாருக்கு?" அதற்குக் கீழே கும்பிடும் கைகள், பூக்கள், பிறகு இன்னொருவர்: "நான் முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன்." வெள்ளச்சி அக்காவின் லாயத்தில் எல்லோரும் கண் வைத்திருந்த குதிரை.

அதனால் இந்த அஞ்சலியைக் குழுவிலேயே போடுகிறேன். நீக்குவதாக இருந்தால் படித்துவிட்டு நீக்குங்கள்.

பாளையம்பட்டியில் நான் பில் போடும் மருந்துக்கடைக்கு நேர் எதிரே அக்காவின் ஃபேன்சி ஸ்டோர். ஒருநாள் ஊக்கு வாங்கப் போனேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "கொஞ்சம் பொறும்மா, குதிரை குட்டி போடுது" என்றார். எனக்கு முன்னால் வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். குட்டி பிறந்தது. அக்கா அதை எங்கள் இருவருக்கும் காட்டி, கடையில் இருந்த மிட்டாய் ஜாடியைத் திறந்தார். ஊக்கு வாங்க மறந்து, விளையாட்டில் சேர்ந்துவிட்டு வந்தேன்.

புதிதாகச் சேர்பவருக்குப் பழையவர் ஒரு குதிரை கொடுப்பது நம் குழு வழக்கம். நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்கும் உதவாது என்று ஒதுக்கியதைத் தள்ளிவிட்டு, வள்ளல் மாதிரி ஒரு வரி எழுதுவீர்கள். அக்கா தன்னிடம் ஓட்டத்தில் முதலாவதாக இருந்த செவலையை எனக்குக் கொடுத்தார். "ஏங்க்கா, நல்லதப் போயி குடுக்குறீங்க?" என்றேன். "வீட்டுக்கு வந்தவுகளுக்குப் பழைய சோத்தையா வைப்பாக?" என்றார்.

குதிரை மேல் என்ன ஆசை என்று ஒருமுறை கேட்டேன். "கல்யாண ஊர்வலத்துக்கு வந்த குதிரை ஒண்ணுதான் நான் கிட்டத்துல பாத்தது. வெயில்ல வாயில நுரை தள்ளி நின்னுச்சு. ஒருத்தரும் தண்ணி காட்டல. எல்லாரும் மாப்பிள்ளையவே பாத்தாக" என்றார்.

நம் குழுவில் குட்டிகளை என்ன செய்வோம்? நிறம் பிடிக்கவில்லையா, 'விடுவி' பொத்தானை அமுக்கு. கால் குட்டையா, அமுக்கு. ஒரு நல்ல குட்டிக்காகக் கூடை கூடையாகப் பிறக்க வைத்து மிச்சத்தைக் கொட்டுவோம். அப்படிக் கொட்டியவற்றை அக்கா கேட்டு வாங்கிக்கொள்வார். "மேடம் முதியோர் இல்லம், அனாதை இல்லம் ரெண்டும் நடத்துறாங்க" என்று நம் குழுத் தலைவர் எழுதினார். எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளை வாரி இறைத்தீர்கள். அக்கா ஒரே வரிதான் பதில் போட்டார்: "தோத்த குதிரைக்கும் பசிக்கும்ல?" இன்று நீங்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கேட்கிற வெள்ளச்சியும் அப்படி வந்ததுதான். சோகை பிடித்த நிறம் என்று அதைத் தூக்கி எறிந்தவர் நம் தலைவர்.

தம்மாம் என்று ஒரு கிழட்டுக் குதிரை அவரிடம் உண்டு. எந்தப் போட்டிக்குப் போனாலும் கடைசி. ஆனாலும் விடாமல் அனுப்புவார். "எதுக்குக்கா அத அலைய விடுறீங்க?" என்றால், "அதுவும் நாலு பேரப் பாத்துட்டு வரட்டும். ஒத்தையில கெடந்தா மனசு செத்துப் போகும்" என்பார்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அக்காவின் கணவர் காதர் அண்ணன் மருந்துக்கடைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மனிதர், அதற்குள் பாதியாக இளைத்திருந்தார். அக்காவின் போன் அவர் கையில் இருந்தது.

"தங்கச்சி, யார் யாரோ போன் பண்ணுறாக. குதிரைய மாத்திக் குடுங்க, பாஸ்வேர்டு சொல்லுங்கங்கிறாக. நான் ஊர்ல இல்லாதப்ப இவ பந்தயத்துல கிந்தயத்துல சூது ஆடுனாளா? மறைக்காமச் சொல்லு. நான் அவளுக்காகத் துவா செய்யணும்."

அக்கா கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தவர்கள் காதில் விழக்கூடாதென்று தெருவைத் தாண்டி வந்து கேட்கிறார். ஒரு பொய்கூடச் சொல்லாத பெண் மேல், மண் ஈரம் காய்வதற்குள் கணவனைச் சந்தேகப்பட வைத்தவர்கள் நீங்கள். சீ! வெறும் படம்தானே என்று இப்போது சொல்வீர்கள். அந்தப் படத்துக்காகத்தானே சாவு வீட்டுக்குப் போன் போட்டீர்கள்? "நீ பக்கத்துலதான இருக்க, போய்ப் பேசி முடிச்சுக் குடு" என்று எனக்கும் நாக்கூசாமல் எழுதினீர்கள்.

போனை வாங்கி விளையாட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளச்சியைச் சும்மா தாண்டிப் போனார். தம்மாமில் நின்றுவிட்டார்.

"இது நான் வேலை பாக்குற ஊரு பேருல்ல?"

எனக்கு அது வரைக்கும் தெரியாது. தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

"செயிக்குமா இது?"

"செயிக்காதுண்ணே. ஆனா ஒரு போட்டியும் விட்டதில்ல. நாலு பேரப் பாத்துட்டு வரட்டும்னு அனுப்புவாக."

மருந்துக்கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத் தீனி எப்புடி வைக்கிறது?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன்.

ஆகவே குதிரைகள் யாருக்கும் இல்லை. காதர் அண்ணனுக்குக் குழுவில் சேர அழைப்பு அனுப்பி, உதவாத சாம்பல் நிறக் குட்டி ஒன்றைத் தலையில் கட்டி வெள்ளச்சியை வாங்கிவிடலாம் என்று தலைவர் கணக்குப் போடுவதும் எனக்குத் தெரியும். அந்தச் சிரமம் வேண்டாம். அவர் குழுவுக்கு வரமாட்டார். நானும் இதோடு வெளியேறுகிறேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது செவலை. அதற்கும் வயதாகிவிட்டது, இனி எதையும் ஜெயிக்கப் போவதில்லை. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதற்குத் தீனி வைக்கிறேன். அப்படியே அக்காவின் லாயத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். தம்மாம் சாப்பிட்டிருக்கிறது. அன்றைய போட்டிக்குப் பெயரும் கொடுக்கப்பட்டிருக்கிறது.