குழு பார்க்க வந்த பள்ளிக்கூடம்

என் மனைவியை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் நானும் அப்படித்தான், பயத்தில் பாதி, கிண்டலில் பாதி. அவள் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை, நான் தையல்காரன். அவள் பேச ஆரம்பித்தால் என் மெஷின் தானாக நின்றுவிடும்.

ஆலைகள் மூடிய வருஷம் ஊர் தலைகீழானது. வேலை போனவர்கள் தனியார் பள்ளியில் பணம் கட்ட வழியில்லாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவளிடம் வந்து நின்றார்கள். இவள் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. பெஞ்சு போதாமல் பிள்ளைகள் தரையிலும் வராந்தாவிலும் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அரசு, நெருக்கடி என்று சொல்லிப் பள்ளிகளுக்கான நிதியைக் குறைத்தது.

பெரிய டீச்சருக்கு வந்ததே கோபம்! ஏறாத அலுவலகமில்லை, பார்க்காத அதிகாரியில்லை. பெற்றோரைத் திரட்டிக் கூட்டம் போட்டாள். மைக்கைப் பிடித்து, "வாயக் கட்டி வயித்தக் கட்டி நாங்க சமாளிச்சுக்குவோம். பிள்ளைங்க படிப்புல மட்டும் கை வைக்காதீங்க" என்று அவள் பேசியபோது எனக்கே சிலிர்த்தது. கடைசியில் மேலிடம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஒரு குழு நேரில் வந்து பார்க்கும், அது சொல்வதைப் பொறுத்துப் பணம் வரும் என்றார்கள்.

அங்கேதான் அவள் புத்தி கெட்டது. மேலிடத்து ஆள் வந்தால் பள்ளி பளிச்சென்று இருக்க வேண்டும், ஒரு குறையும் கண்ணில் படக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம் அதுதான். மற்ற ஆசிரியர்களும் அதே ரகம். பக்கத்துப் பள்ளியில் பெஞ்சு இரவல் வாங்கினார்கள். விரிசல் விட்ட சுவரை மறைக்க என்னைத் திரை தைக்கச் சொன்னாள்.

"குறையக் காட்டத்தானே அவங்கள வரச் சொன்ன?" என்றேன்.

"அதுக்காக இப்படி அலங்கோலமாவா காட்டுறது? என் மானம் என்ன ஆகும்? நீங்க தைங்க."

தைத்தேன். இதெல்லாம் போதாதென்று, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அன்று ஒருநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வகுப்பில் நெரிசலாக இருந்தால் நன்றாக இருக்காதாம்.

திரையை மாட்டிவிட்டு நான் வாசலில் நின்றிருந்தபோது குழு வந்தது. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்த தலைவர், "பிரமாதம் மேடம். போற எடமெல்லாம் ஒரே புலம்பல். உங்க ஸ்கூலப் பாத்தா மனசு நெறையுது" என்றார். இவளும் பூரித்துப்போய், "நன்றி சார்" என்று கைகூப்பினாள்.

படியிறங்கும்போது அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவங்களுக்கு இதுவே தாராளம். இல்லாத ஸ்கூலுக்குக் குடுப்போம்."

அவள் காதிலும் விழுந்தது. ஓடிப்போய்த் திரையை விலக்கியிருக்கலாம். கூப்பிய கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். இரவல் பெஞ்சுகள் போய்விட்டிருந்தன. தரையில் உட்கார்ந்த, புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி, "டீச்சர், வந்தவங்க எங்களுக்குப் பெஞ்சு தர்றேன்னாங்களா?" என்று கேட்டாளாம். பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதாள். அந்த வாரமே குழுத் தலைவரைப் பார்க்க அவர் ஆபீசுக்குப் போனோம்.

"சார், அன்னிக்கு நீங்க பாத்தது நெசமில்ல. பாதிப் பிள்ளைங்கள நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

அவர் கோபப்படக்கூட இல்லை. "அன்னிக்கு என் கண்ணு முன்னாடியே ஏமாத்திட்டீங்க. இன்னிக்குச் சொல்றத மட்டும் நான் எப்படிம்மா நம்புறது?"

கூட்டத்தில் அப்படிப் பேசியவள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அந்தச் சிறுமியின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். "ஆபீசுக்கா போயிட்டு வர்றீங்க டீச்சர்? எங்க பிள்ளைங்களுக்காக நாயா அலையுறீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று இவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெரிய டீச்சர் கையை உருவிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அவங்க வந்தப்ப உங்க பொண்ண ஒளிச்சு வெச்சதே நான்தான்."