நாலாவது பக்கம் காலியாக இருந்தபோது

வியாழக்கிழமை காலை மந்தைவெளியிலிருந்து போன் வந்தது. செல்வியின் தம்பி. "அக்கா பூட்ச்சிக்கா" என்றான். நெஞ்சுவலியாம். கையிலிருந்த காப்பியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். நம் கல்லூரிக் கபடி அணியில் ஆடியவர்களுக்கும், அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே கூட்டம்தான்.

நான் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் மகள். அவள் மந்தைவெளியில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள். முதல் நாள் பயிற்சியிலேயே என்னை மண்ணில் புரட்டிவிட்டு, "பட்டுப்பாவாட கசங்கிச்சா?" என்று கேட்டாள். அன்றைக்கு வந்த கோபம் போவதற்குள் நாங்கள் உயிர்த்தோழிகளாகிவிட்டோம்.

ஆட்டம் தொடங்குமுன் கேப்டன் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட வேண்டும் என்பது அவள் தெரு வழக்கம். நாலு பக்கமும் ஆள் உட்காராமல் அங்கே யாரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள். கேப்டனானதும் அதை நம் அணிக்கும் கொண்டுவந்தாள். நமக்கு அது வெறும் சடங்கு. சிங்கப்பூர் போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் விழாவுக்கு அங்கிருந்த தமிழர் சங்கம் ஒன்று நம்மை அழைத்தது ஞாபகம் இருக்கும். ஒரு செல்வந்தர் வீட்டில் தங்கினோம். நீச்சல் குளம், வாசலில் மூன்று கார். "பாத்ரூமே எங்க வூட்ட விட பெர்சா கீதுடி" என்று செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டே பாடினாள். சாயங்காலம் பயிற்சிக்குப் போனால், நமக்காக மண் கொட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள். பகலெல்லாம் கட்டட வேலை. படுப்பது மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், அடுக்குக் கட்டில்களில். எட்டிப் பார்த்துவிட்டு வந்த செல்வி அப்புறம் பாடவில்லை. "நம்மூரு குடிசைய அப்டியே கப்பல்ல ஏத்தினு வந்துட்டாங்கடி" என்றாள்.

மறுநாள் ஆட்டம். மூன்று பக்கம் நாற்காலிகள், பட்டுப்புடவைகள், கோட்டு சூட்டுகள். நாலாவது பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெகு தூரத்தில், கொட்டகை நிழலில், கோடு போட்டவர்கள் நின்றார்கள். செல்வி மூன்று பக்கம் கும்பிட்டாள். நாலாவது பக்கம் திரும்பியவள் கையை இறக்கிவிட்டு, நடுக்கோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேப்டன் உட்கார்ந்தால் நாம் நிற்க முடியுமா? எல்லோரும் உட்கார்ந்தோம்.

சங்கச் செயலாளர் ஓடி வந்தார். "என்னம்மா இது? பெரிய மனுஷங்கள்லாம் காத்திருக்காங்க."

"அங்க நிக்கறவங்கள கூப்டுங்க சார். நாலு பக்கமும் ஆள் இருந்தாதான் ஆட்டம். எங்க தெரு வழக்கம்."

"அவங்கல்லாம் வேலையாளுங்கம்மா."

"நாங்க மட்டும் யாரு சார்?"

இத்தனை தூரம் வந்து ஆடாமலே திரும்பப் போகிறோம் என்றே நினைத்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து எழுந்தவர் நம்மைத் தங்கவைத்த அந்தச் செல்வந்தர்தான். நேராக நடந்துபோய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். "வாங்க தம்பி, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார். அவர்கள் தயங்கினார்கள். "பூட்ஸெல்லாம் சேறுங்கய்யா" என்றார் ஒருவர். பிறகு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். செல்வி எழுந்து அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பதிலுக்கு அத்தனை பேரும் கும்பிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண் விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

உள்ளூர் மாணவிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசி நிமிஷத்தில் சமநிலை. செல்வி 'கபடி கபடி' என்று பாடிப் போய் எதிரணியில் ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் மூன்று பேர் அவள் காலைக் கட்டிவிட்டார்கள். மூச்சு அறுந்துபோகும் நேரத்தில் நாலாவது பக்கத்திலிருந்து, "எட்டு தாயி, எட்டு!" என்று ஒரு குரல். எட்டினாள். விரல் நடுக்கோட்டைத் தொட்டது. அவ்வளவுதான், மைதானமே எழுந்து நின்றது. எந்தப் பக்கம் யார் என்று அப்புறம் அடையாளம் தெரியவில்லை. அன்று ராத்திரி நட்சத்திர ஓட்டல் விருந்துக்குப் போகுமுன், வென்ற வெள்ளிக் கோப்பையில் அந்தக் கொட்டகையில் டீ ஊற்றி எல்லோரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்படி ஒரு டீயை நான் பிறகு குடித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை அவளைத் தெருவில் கிடத்தியிருந்தார்கள். மூன்று பக்கமும் சனம். ஒரு பக்கம் மட்டும் நெடுஞ்சுவர். எனக்குத் தாங்கவில்லை. அவளிடம் கபடி கற்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். ஒருத்திக்கொருத்தி கைகொடுத்து ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

எந்தக் கல்யாணத்துக்கு, எந்த விழாவுக்குப் போனாலும் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் தேடுகிற கண்ணை அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை அவிழ்க்கச் சொல்லி உட்கார்ந்துவிடுகிற பிடிவாதத்தையும் வைத்துக்கொள்கிறேன்.

நாலு பக்கமும் ஆள் கீது செல்வி. பாடிப் போ.