நாய் குரைத்த திசை

எங்கள் குப்பத்தில் கல்மலை கிடையாது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே காற்று குவித்த மணல்மேடு ஒன்று உண்டு. ஒரு பனைமர உயரம் இருக்கும். அதைத்தான் நாங்கள் மலை என்போம். மார்கழியிலும் தையிலும் விடியும் முன்னே அந்த மலையில் ஏறுவது என் வேலை. முழங்கால் கெட்டு, கட்டுமரம் ஏறுவதை விட்ட பிறகு எனக்கு மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். தனியாக ஏறமாட்டேன். நாயும் வரும்.

அது ஒல்லாந்தர் கப்பலில் வந்த நாய். மாலுமிகள் விட்டுவிட்டுப் போனார்களோ, அதுவே குதித்து நீந்தி வந்ததோ தெரியாது. செம்பட்டை நிறம், அடர்ந்த மயிர். ஊர் நாய்களெல்லாம் அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கும் குளிரில்தான் இதற்குத் துள்ளல் வரும். கரையில் நின்றதை வீட்டுக்குக் கூட்டி வந்தவன் என் தம்பி.

"அதுக்கு நம்ம பேச்சு புரியுமாடா?" என்று கேட்டேன்.

"சோறுன்னா புரியுது. அதுக்கு மேல உனக்கே புரியாது" என்றான்.

மார்கழிப் பனியில் மணல் ஈரத்துணி மாதிரி உள்ளங்காலைச் சில்லிட வைக்கும். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். இராவணன் மீசைப் புல்லின் முள் குத்தும். நாய் முன்னால் ஓடும், திரும்பி வந்து என்னைப் பார்க்கும், மறுபடி ஓடும். உச்சியில் நின்றால் கடல் தெரியாது. வெள்ளையாகப் பனிமூட்டம், அதற்குள்ளிருந்து அலைச்சத்தம், அவ்வளவுதான். நான் முருகா முருகா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

தம்பியின் கட்டுமரம் கரையை நெருங்குவது அந்த நாய்க்கு எப்படித்தான் தெரியுமோ, கடலைப் பார்த்து விடாமல் குரைக்க ஆரம்பிக்கும். மேட்டுக்கு நேர் கீழேதான் அலை அடங்கிய இடம். தெற்கே ஏரி கடலில் விழும் முகத்துவாரம். அங்கே மணல்திட்டில் அலை மோதி மடங்கும். கட்டுமரம் அதில் மாட்டினால் கட்டை கட்டையாகப் பிரிந்துவிடும்.

"பனியில ஒல்லாந்தர் கோட்டை வெளக்கும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அது குலைக்கிற சத்தத்த மூக்குக்கு நேரா வெச்சுக்குவேன், வந்துடுவேன்" என்பான் தம்பி.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு, ஏரிக்கு அக்கரையில் இருந்த பெருமாள் கோயிலில் வாசல் திறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். முந்தின சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன்.

"போயேன். நாய மட்டும் மலையில உட்டுட்டுப் போ. செத்துப்போன நைனா பேருக்கும் ஒரு கும்புடு போடு."

தம்பி பெண்டாட்டி வலையிலிருந்து தலை தூக்காமல், "மாமா வைகுண்டத்துக்குள்ள பூந்துட்டா திரும்பி வர வழி தெரியுமா?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

விடியற்காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, நாயோடு மலையேறினேன். பனி அன்று கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இருந்தது. நாயை உச்சியில் உட்காரவைத்து இறங்கினேன். கூடவே இறங்கி வந்தது. மறுபடி ஏறி உட்காரவைத்தேன். மறுபடி வந்தது. தோணித்துறை முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. அங்கிருந்து தோணிக்காரர் கத்தினார், "ஏறுறியா இல்லியா?" துறை வரைக்கும் நாய் பின்னாலேயே வந்து தோணியில் தாவப் பார்த்தது. உள்ளே இருந்தவர்கள், "குளிச்சிட்டு உக்காந்துருக்கோம், நாய ஏத்தாதே" என்றார்கள். கரையில் இருந்த பனங்கட்டையில் கயிற்றால் கட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். ஒரு நாள் சத்தம் இல்லாவிட்டால் தம்பி வெயில் ஏறும்வரை கடலிலேயே காத்திருப்பான் என்று நினைத்தேன். கட்டிய இடத்திலிருந்தே அது குரைக்கும் என்பது என் புத்தியில் படவில்லை.

வாசல் திறந்ததைப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. அப்போது என் மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. நைனா பேருக்குக் கும்பிட மறந்துவிட்டேன். தம்பிக்கென்று எதுவும் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது பனி விலகிக்கொண்டிருந்தது. கரை தெரியும் முன்னே நாயின் குரல் கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கரையோரம் ஆட்கள் ஓடுவது தெரிந்தது.

தம்பியோடு கட்டுமரத்தில் போகும் கூட்டாளி மணலில் உட்கார்ந்து கடல்நீரைக் கக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சொன்னான்.

"சத்தம் தெக்கால கேட்டுச்சுண்ணா. அலை பெருசா அடிக்குதே, நம்ம எடம் இல்லடான்னு சொன்னேன். நாய் பொய் சொல்லாது, திருப்புன்னான்."

மத்தியானம் முகத்துவாரத்தின் உள்பக்கம், ஏரி அமைதியாக இருக்கும் இடத்தில் தம்பி கிடைத்தான். யாரோ நாயை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவன் பாதத்தருகே படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை.

கட்டியது நான் என்று தோணியில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. நாயைச் சொன்னார்கள். கப்பல் நாய், கெட்ட சகுனம், வந்த அன்றே விரட்டியிருக்கணும் என்றார்கள். பார்த்த இடத்திலெல்லாம் கல்லால் அடித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பழி அதன்மேல் இருக்கும்வரை என்மேல் இல்லை என்று ஒரு அற்ப நிம்மதி. பெருமாள்மேல் எனக்குக் குறை இல்லை. வாசலைப் பார்க்கக் கேட்டேன், காட்டினார். என்னைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தம்பி பெண்டாட்டி என் எதிரில் வந்து நின்றாள். பக்கத்தில் நாய், முன்னங்கால் நொண்டியபடி.

"கட்டுனது நீங்கதானே மாமா?"

"ஆமாம்மா."

"அவருக்குக் கேக்கணும்னு நெனச்சா கட்டுனீங்க? தெரியாம நடந்துபோச்சு. அத நான் கேக்கல." குரல் உயரவில்லை. "பதினாறு நாளா இது கல்லடி படுது. நான்தான் கட்டினேன்னு ஒரு வார்த்த உங்க வாயில வரல. பாத்துனு நிக்கிறீங்க. அவரு இருந்தா பாத்துனு நிப்பாரா?"



அவள் அக்கரையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். துணிமூட்டையை நான் தூக்கப் போனேன், கொடுக்கவில்லை. துறை வரைக்கும் பத்தடி பின்னால் நடந்தேன். நாயைத் தூக்கித் தோணியில் வைத்துவிட்டுப் பிறகு அவள் ஏறினாள். இந்தத் தடவை யாரும் ஏற்றாதே என்று சொல்லவில்லை.

"போறேன் மாமா" என்றாள்.

எங்கள் வீட்டில் கிளம்புகிறவர்கள் வரேன் என்றுதான் சொல்வார்கள். ஏரிக்கு நண்டு பிடிக்கப் போகிற பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். நாயைக் கட்டினது நான்தான் என்று தோணிக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கோலை ஊன்றித் தள்ளிவிட்டார்.