கோடு சேர்ந்த பிறகு

சீசன் வேலை தேடிக் குற்றாலம் போயிருந்தபோது, தென்காசியில் சாரலுக்கு ஒதுங்கிய லேத் பட்டறையில்தான் அந்தப் பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு திருகையும் முடுக்கியதும், “அப்படியே இருந்துக்கோ” என்று அதனிடம் சொல்வார்.

படம் வரையும் இயந்திரம் ஒன்று செய்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு மரச்சக்கரங்கள் உரசிச் சுழலும். அவற்றோடு பிணைத்த பேனா பூ வரையும். கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர வேண்டும். நூலளவு விலகியது. மறுநாள் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி.

“போன வருசமே சேரல. பிள்ளைய எல்லாம் சிரிச்சிட்டுவ. இந்தத் தடவையும் சேரலைன்னா அடுப்புல வச்சிருவேன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. சித்திரையில சரியாத்தான் ஓடுச்சு, வே!”

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் நான் தங்கியிருந்த கொட்டகைக் கதவைச் சாரல் தொடங்கியதிலிருந்து சாத்த முடியவில்லை, நனைந்துகொண்டுதான் தூங்கினேன். அதைச் சொல்லி, “சக்கரமும் உப்பியிருக்கும், அண்ணாச்சி” என்றேன்.

அளந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த ஊர்லயே பொறந்துட்டு சாரல மறந்துட்டேனே!”

உடனே தன் சைக்கிளைக் கவிழ்த்துச் செயினையும் பல்சக்கரங்களையும் கழற்றினார். “இரும்பு உப்பாதுல்லா. எம்புட்டு மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.” மரச்சக்கரங்கள் இருந்த இடத்தில் அவற்றை மாட்டிச் சுற்றினார். பேனா வளைந்து வளைந்து போய், புறப்பட்ட புள்ளியிலேயே வந்து நின்றது.

“இருந்துக்கோ” என்றார்.

மறுநாள் சாரலில், இயந்திரத்தைக் கேரியரில் கட்டி, செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெற்றுடம்போடு இலஞ்சிக்கு நடந்தார். மழையில் ஒன்றும் ஆகாது என்று அவரே சொன்ன அந்த இயந்திரத்துக்கு ஏன் தன் சட்டையைப் போர்த்தினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.