தஞ்சாவூர் வரைக்கும் ஒரு ஃபுல் டேங்க்

நாற்பத்திரண்டு வயதில் எனக்குத் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்த அதே வாரம், பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கித் தொலைத்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்டில் வீட்டுக்கு ஒரு காருக்குத்தான் இடம். அதுவரை என் பெட்ரோல் கார் அவர் இடத்தில்தான் நின்றது. இனி அதையோ, என் கணவரின் டீசல் காரையோ விற்றாக வேண்டும்.

"மைலேஜ் பாத்துடுவோம். எது கம்மியா குடிக்குதோ அது இருக்கட்டும்" என்றார் என் கணவர். திருவெறும்பூர் தொழிற்சாலையில் எஞ்சினியர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கார் போனால், இவர் தன் காரில் வேலைக்குப் போய்விடுவார். காலை எட்டரை வகுப்புக்கு நான் பஸ் மாறி மாறி எப்படிப் போய்ச் சேருவது? வேலையே போய்விடும். ஞாயிறுவரை அவரை வாய் திறக்கவிடாமல் சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பங்க்கில் இரண்டு காரையும் விளிம்புவரை நிரப்பினோம். தஞ்சாவூர் போய்த் திரும்பி மறுபடி நிரப்பும்போது எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவு குடித்திருக்கிறது என்று கணக்கு. நான் சும்மா இருப்பேனா? பாரம் குறையட்டும் என்று முந்தின நாளே ஸ்டெப்னி டயரை எடுத்து மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். துவாக்குடி தாண்டியதும் ஏசியையும் அணைத்தேன். மே மாத வெயிலில் இட்லி மாதிரி வெந்தேன். அவரோ கடைசிவரை என்னை முந்தவே இல்லை. டீசல் திணறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

எல்லாம் மண். என் வண்டி ஆறே முக்கால் லிட்டர் வாங்கியது. அவருடையது ஏசி போட்டும் ஐந்தரைதான்.

"திருப்தியா? இனி நான் வீட்டிலேயே கிடக்கேன்!" அழுகை வந்துவிட்டது.

அவர் தன் கார் சாவியை என் கையில் வைத்தார்.

"இனிமே இதை நீ எடுத்துட்டுப் போ. எனக்குக் கம்பெனி பஸ் இருக்கு. தினம் தஞ்சாவூர் போறவளுக்கு எது தேவலைன்னு பாக்கத்தானே இவ்வளவும்?"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"நீ எங்க சொல்லவிட்ட? நிக்காம சண்டை போட்ட."

என் காரை எடுக்கப் போனவர் கதவில் கையை வைத்தபடி திரும்பினார்.

"அப்புறம், மாடிப்படிக்கு அடியில இருக்கறதை எடுத்து வெச்சுடு. நேத்தே பாத்தேன். வழியில பஞ்சர் ஆனா நீ என்ன பண்ணுவியோன்னுதான் உன் பின்னாடியே வந்தேன்."