இடது காலுக்குப் புத்தி வரட்டும்

எங்கள் தீவில் யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. ஆசைப்படுவார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தாலும் "குறைச்சு வை" என்று ஒரு வாயிலும் வராது. "இன்னைக்கு அலைச் சத்தம் கொஞ்சம் கேட்டா நல்லாருக்கும், இல்ல?" என்பார்கள். உடனே பாட்டு நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து மன்னிப்பும் கேட்பார். நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள். பிறந்ததிலிருந்து இந்தச் சுற்றுப் பேச்சில்தான் வளர்ந்தேன் என்றாலும் எனக்கு அதற்கான பொறுமை மட்டும் வாய்க்கவில்லை.

இந்தக் கலையில் ஊருக்கே தலைவி ஹருயோ சான். ('சான்' என்பது எங்கள் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் சேர்க்கிற மரியாதைச் சொல்.) துறைக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். எழுபத்தொரு வயது, கை இன்னும் நடுங்காது. நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் சூடான துண்டைப் போட்டு, நுரை பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் யார் எதிர்த்துப் பேச முடியும்?

எங்கள் தபால் அலுவலக அதிகாரிக்கு உச்சியில் வழுக்கை. காதோர முடியை நீளமாக வளர்த்து உச்சிக்குக் குறுக்கே ஒட்டி வைத்திருப்பார். கடற்காற்று அடித்தால் அந்த முடி கொடி மாதிரி எழுந்து நிற்கும். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கும். ஒருநாள் நுரைக்கு மேலே ஹருயோ சான் சொன்னாராம்: "இந்த ஊர்க் காத்து பொல்லாதது. உங்களுக்காவது கொஞ்சம் நிம்மதி கெடைச்சா நல்லாருக்கும். குட்டையா வெட்டிப் பாத்தா எப்படி இருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியல." அதிகாரி கண்ணை மூடியபடியே, "வெட்டிடுங்க" என்றார். அன்று முதல் அவர் எந்தக் காற்றிலும் தலையைப் பிடிக்காமல் நடக்கிறார்.

ஊரையே இப்படித் திருப்பிய அந்த நாக்கு, வீட்டில் ஒரே ஒருவரிடம் செல்லாக்காசு. அவர் கணவர் தோகுசோ சான்.

அவருக்கு எண்பதை எட்டப் போகிற வயது, ஒரு வெள்ளைக் குட்டி லாரி. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து ஆரஞ்சுக் கூடைகளை இறக்குவது, கேஸ் சிலிண்டர் கொண்டுபோவது, முழங்கால் வலிக்காரர்களை மருத்துவரிடம் கொண்டுபோய் விடுவது எல்லாம் அந்த லாரிதான். அவரைத் தேடுகிறவர்கள் அவர் வீட்டைப் பார்ப்பதில்லை, லாரி எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அவர் பார்வை மங்கத் தொடங்கியது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. முதலில் தபால் பெட்டியை உரசினார். அப்புறம் கோயில் சுவர். ஓட்டுநர் உரிமத்துக்காக அரசாங்கம் வைக்கிற கண் சோதனைக்கு இன்னும் நாள் கிடந்தது. கடற்சுவரை ஒட்டிய எங்கள் சாலையோ ஒற்றை வண்டி அகலம், பள்ளிப் பிள்ளைகள் நடந்து போவதும் அதில்தான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. எங்கள் வழக்கப்படி புத்தி சொன்னது. "அந்த முனைக் கண்ணாடி மங்கிப்போச்சு இல்ல, தோகுசோ சான்?" என்றார் கோயில் பூசாரியின் மனைவி, எதிரே வருகிற வண்டி தெரிவதற்காகச் சாலை வளைவில் நட்டிருந்த கண்ணாடியைக் காட்டி. "இந்த ரோடு வரவரக் குறுகிட்டே போகுது" என்றார் தலைமை ஆசிரியை. நான்கூட என் பங்குக்கு, "இப்பல்லாம் கம்பத்தை ரோட்டை ஒட்டியே நடறாங்க" என்றேன்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, தீவின் எல்லா முனைக் கண்ணாடிகளையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், சாலையை அகலப்படுத்து, கம்பத்தை நகர்த்து, தபால் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளு என்று மேஜையைத் தட்டினார். "ஜனங்க எவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். எங்கிட்ட வந்து பொலம்பறாங்க!" என்றாராம். தபால் பெட்டியை நகர்த்தியே விட்டார்கள். அந்த வருட ஊர்க் கூட்டத்தில் அவருக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுத்துக் கௌரவித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். ஹருயோ சானும் தட்டினார், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பிறகு ஒரு மழைநாள். லாரியின் பக்கக் கண்ணாடி ஒரு பள்ளிச் சிறுமியின் குடையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி நிற்கவே இல்லை, ஏனென்றால் தோகுசோ சானுக்கு அது தெரியவே தெரியாது. சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா வளைந்த குடையோடு கடைக்கு வந்தாள். நான் அப்போது பின்கழுத்து முடி எடுக்க நாற்காலியில் இருந்தேன்.

"மன்னிக்கணும், நாங்கதான் ரொம்பப் பெரிய குடையா வாங்கிட்டோம்" என்று சொல்லி அவள் குனிந்தாள். ஹருயோ சான் அவளைவிடத் தாழக் குனிந்தார். அவள் போனதும் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரிய குடையாம்! பிள்ளை சின்னதா இருந்ததும் தப்புன்னு சொல்லுவா போல. நேராச் சொல்லிடுங்களேன் அவர்கிட்ட, ஓட்டாதீங்கன்னு!"

"சொல்லலாம்" என்றார் ஹருயோ சான். "தலைய அசைக்காம இருந்தா நல்லாருக்கும், தமயோ."

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் காலைச் சாப்பாடு ஆமை வேகத்தில் நடந்தது. வாட்டுகிற மீன் வேகவே வேகாது. ஹருயோ சான் சூப்பைத் திரும்பச் சூடு பண்ணுவார். "இன்னொரு கிண்ணம் சோறு சாப்பிட்டா ஒடம்புக்கு நல்லாருக்கும்" என்பார். பள்ளி மணி அடித்த பிறகுதான் லாரி கிளம்பும். மாலையில் பள்ளி விடுகிற நேரத்துக்குக் கடையில் ஏதாவது ஒரு குழாய் ஒழுகும், அவர் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

இன்னொன்றும் தொடங்கியது. கடைக்கு விடுமுறை திங்கள்கிழமை. ஹருயோ சான் திங்கள்தோறும் காலைப் படகில் அக்கரைக்குப் போகத் தொடங்கினார். வீட்டுக்காரரிடம் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தார். அக்கரைப் பல் வைத்தியர் என் சித்தி மகன். ஹருயோ சான் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

டிக்கெட் கொடுக்கிறவளுக்கு ஊரார் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் போனால் வேலையில் என்ன சுவை இருக்கிறது? "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன். "இருக்கு" என்றார். தட்டையான செருப்பு போட்டுப் போகிறார், ஆகவே காதலன் இல்லை. கையில் பழமோ பூவோ இல்லை, ஆகவே ஆஸ்பத்திரியில் யாரும் படுத்திருக்கவில்லை. திரும்பும்போது முகம் சிவந்து, யாரோ நன்றாகத் திட்டினது மாதிரி இருக்கும், ஆனால் திருவிழாவுக்குப் போய்வந்த பெண் மாதிரி கண் பளபளக்கும். எனக்கு மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது.

ஜூலையில் நட்சத்திரத் திருநாள் வந்தது. படகுத்துறைக் கூடத்தில் வழக்கம்போல் மூங்கில் நட்டோம். அவரவர் ஆசையைக் காகிதச் சீட்டில் எழுதிக் கட்டினார்கள். அடுத்தவர் சீட்டைப் படிப்பது நாகரிகமில்லைதான். மூங்கில் என் ஜன்னலுக்கு நேராக நின்றால் நான் என்ன செய்வேன்? தோகுசோ சான் எழுதியிருந்தது: "சாலை அகலமாகட்டும்." ஹருயோ சான் எழுதியிருந்தது: "என் இடது காலுக்குப் புத்தி வரட்டும்."

இடது காலா? வாதமா, நடனமா? வலது காலுக்கு மட்டும் புத்தி இருக்கிறதா? நான் சீட்டுக்குக் கீழே நின்று அவர் நடையைக் கவனித்தேன். இரண்டு காலும் நன்றாகத்தான் நடந்தன.

இலையுதிர் காலத்தில் ஒரு திங்கள், மாலைப் படகிலிருந்து ஹருயோ சான் இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்தார். பையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு தகட்டை எடுத்து நீட்டினார். தளிர் இலைச் சின்னம். புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கினவர்கள் வண்டியில் ஒட்டுகிற அதே இலை.

"இத முன்னாடியும் ஒட்டணுமா, பின்னாடி மட்டுமா?" என்று கேட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். "இந்த வயசுலயா! அப்போ இடது காலு..."

"கிளட்ச்" என்றார். "வலது காலு சொன்னதக் கேக்கும். இடதுதான் செவிடு மாதிரி நின்னுடும். அக்கரை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கத்தின கத்து இருக்கே! நிறுத்து, திருப்பு, பிரேக்கப் போடு, கண்ணு எங்க இருக்குன்னு. பொறந்ததுல இருந்து எங்கிட்ட யாருமே அப்படி நேரா பேசினதில்ல. நல்லாத்தான் இருந்துச்சு, தமயோ."

"அதேமாதிரி நீங்களும் அவர்கிட்ட ஒரே வார்த்தைல சொல்லியிருக்கலாமே? இத்தன மாசமா உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

ஹருயோ சான் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிறுத்துங்கன்னா நிறுத்திடுவாரு. அவ்வளவு கெட்டவரு இல்ல. ஆனா அதுக்கப்புறம் அந்த மனுஷன எங்க உக்கார வைக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று சில்லறைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

வெளியே லாரி வந்து நின்றது. திங்கள்தோறும் அவர்தான் வந்து மனைவியை அழைத்துப் போவார். அன்று சக்கரம் நடைமேடைக் கல்லில் ஏறி இறங்கியது. வண்டியின் பின்னால் வயதானவர்களுக்கான நாலு வண்ண இலை ஏற்கெனவே ஒட்டியிருந்தது. ஹருயோ சான் பின்னால் போய் அதற்குப் பக்கத்தில் தளிர் இலையை ஒட்டினார். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்குமாம். இங்கே இரண்டும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிறகு ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு வந்தார். நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துறையைப் பெருக்கத் தொடங்கினேன். பெருக்க அங்கே ஒன்றும் இல்லை.

"ஓய், பல்லு முடிஞ்சுதா?" என்றார் தோகுசோ சான்.

"ஏங்க, நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்றார் ஹருயோ சான், உரிமத்தைக் காட்டி. "இன்னும் சரியா வரல. மேட்டுல நின்னுபோகுது. இந்த ரோட்டப் பத்தி உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தா நல்லாருக்கும்."

தோகுசோ சான் உரிமத்தை வாங்கினார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கொண்டுபோனார். அதைப் படிக்க முடியவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. என் துடைப்பம் நின்றுவிட்டது.

"ஃபோட்டோ நல்லா எடுத்திருக்கான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. வண்டியைப் பிடித்தபடியே முன்பக்கமாகச் சுற்றி வந்து, இத்தனை வருடம் மனைவி உட்கார்ந்த இடது இருக்கையில் ஏறிக்கொண்டார். ஹருயோ சான் வலது பக்கம் ஏறி இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது.

"காலை மெதுவா எடு! அவசரப்படாத!" என்று அவர் அதட்டினார். குரலில் பழைய கம்பீரம் வந்திருந்தது.

மூன்றாம் முறை வண்டி நகர்ந்தது. பள்ளி விடுகிற நேரம். முனையில் பிள்ளைகள் கூட்டம் சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தது. என்னைக் கடக்கும்போது ஜன்னல் திறந்திருந்தது. அவர் முன்னால் பார்த்தபடி, அதட்டல் இல்லாத குரலில், அந்த வீட்டில் எப்போதும் மனைவி மட்டும் பேசுகிற விதமாகப் பேசினார்.

"அந்த முனையில பிள்ளைங்க வருவாங்க. எனக்கு ரெண்டு வருஷமா அங்க ஒண்ணும் தெரியல. நீ பாத்து ஓட்டினா நல்லாருக்கும்."